வீட்டிலிருந்து கற்கிறார்

என் வகுப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சார்ட் தாள் தொங்குகிறது. ஓரமெல்லாம் கிழிந்து, செலோடேப் ஒட்டி, மூன்று நிறப் பேனாவில் கிறுக்கி வைத்திருக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்காத அதிகாரி இதுவரை வந்ததில்லை. "என்னங்க டீச்சர் இது, மளிகைக் கடை லிஸ்ட்டா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் சார், மளிகைக் கடை லிஸ்ட்தான் என்றேன். வீட்டுக்கு எது வேண்டுமோ அதைத்தானே லிஸ்ட்டில் எழுதுவார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தால் வரட்டும்.

நான் அறிவியல் ஆசிரியை. காலையில் தருமபுரியில் ஒகேனக்கல் வண்டியைப் பிடித்து, இண்டூர் தாண்டி ஒரு கைகாட்டியில் இறங்கி, இருபது நிமிடம் நடந்தால் என் பள்ளி வரும். அரசு நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். லீவு நாளை ஒட்டி என்றால் வண்டி முழுக்க அருவிக்குக் குளிக்கப் போகிற கூட்டம் இருக்கும். அவர்களுடைய செல்போனில் பாட்டு இண்டூர் வரைக்கும் கணீரென்று பாடும். அதற்கப்புறம் திக்கித் திணறி நின்றுவிடும். நான் இறங்குகிற இடத்தில் சிக்னல் கிடையாது. பள்ளியில் சத்துணவுக் கூடத்தின் பின்சுவரோரம் நின்று கையைத் தூக்கிப் பிடித்தால் ஒரு கோடு காட்டும். காற்று பலமாக அடித்தால் அதுவும் காணாமல் போகும். அதனால் பாடத்துக்கு வேண்டியதை வீட்டிலேயே இறக்கி, பென் டிரைவில் போட்டு, கைப்பையில் கொண்டுபோவேன்.

லிஸ்ட்டில் இருப்பதெல்லாம் ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் உதவுகிற இணையப் பக்கங்கள். இதே தலைப்பில் பயிற்சிக் கூட்டங்களில் வருடத்துக்கு ஒரு முறையாவது அச்சடித்த தாள் கொடுப்பார்கள். ஐம்பது அறுபது முகவரி இருக்கும். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் பாதி திறக்காது. மீதியில் பாதி நம் பிள்ளைகளுக்கு ஆகாது. தாளைத் தயாரித்த புண்ணியவான் அதில் ஒன்றையாவது திறந்து பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் என் லிஸ்ட்.

அதற்கு ஒரே ஒரு சட்டம் வைத்தேன். பிள்ளைகள் மூன்று பேராவது பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ஒரு பக்கம் சார்ட்டில் ஏறும். எந்தப் பாடத்துக்கு, எவ்வளவு நேரம், நெட் இல்லாமல் ஓடுமா, தமிழில் இருக்கிறதா என்று வரிசையாகக் கட்டம் போட்டிருப்போம். முக்கியமான கட்டம், 'அப்பா போனில் திறக்குமா' என்பது. அப்பா போன் என்றால் கண்ணாடி விரிசல் விட்ட, நினைவகம் நிரம்பி வழிகிற, சாயங்காலம் அப்பா வேலை முடித்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கிற போன். உலகத்திலேயே அழகான பக்கமாக இருந்தாலும் அப்பா போனில் திறக்கவில்லையென்றால் எங்களுக்கு அது கிடையாது.

கடைசிக் கட்டம் பிள்ளைகளின் குறிப்பு. எங்கள் ஊருக்கு மேலே இன்று எந்த நட்சத்திரம் தெரியும் என்று காட்டுகிற ஒரு பக்கத்துக்கு நேராக, 'நெசமாவே அங்கதான் இருக்குது, மாடி மேல நின்னு பாத்தேன்' என்று எழுதியிருக்கும். வானத்திலிருந்து எடுத்த வரைபடப் பக்கத்துக்கு, 'எங்க கெணறு தெரியுது, எங்க வூடு தெரியல, புளியமரம் மறைச்சுக்குச்சு'. விதை முளைப்பதைப் பற்றிய வீடியோ ஒன்றைக் கறாராக அடித்துவிட்டு, 'பனி கொட்டற ஊர்ல வெதைக்கறாங்க, நம்மளுக்கு ஆவாது' என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் குறிப்பை எழுதியவள் எட்டாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டில் இருபத்துமூன்றாம் எண். இந்தக் கதை அவளைப் பற்றியது. பெயர் வேண்டாம். மார்க் போடுவதில் என்னைவிடக் கறாரானவள். எனக்கு மிகவும் பிடித்த, நான் தேடித் தேடி எடுத்து வந்த ஒரு பாட வீடியோவுக்கு அவள் எழுதியது: 'இந்தம்மா பாடம் நடத்தல. படிச்சுக் காட்டறாங்க.' எனக்குச் சுருக்கென்று குத்தியது. மறுபடி போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. எடுத்துவிட்டேன்.

அவளுக்குப் பிடித்தது ஒரே ஒரு பக்கம். திரையில் பேட்டரி, பல்பு, ஸ்விட்ச் எல்லாம் இருக்கும். விரலால் இழுத்து ஒயரை இணைத்தால் பல்பு எரியும், தப்பாகக் கொடுத்தால் தீப்பிடித்ததுபோல் படம் காட்டும். அவள் வேண்டுமென்றே பத்துத் தடவை தீப்பிடிக்க வைப்பாள். எல்லாரும் மின்விளக்கை எரியவைத்துச் சந்தோஷப்பட்டால் இவள் எங்கே எப்படி எரியாமல் போகும் என்று பார்ப்பாள். சார்ட்டிலிருந்த முகவரிகளையெல்லாம் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பார்த்து எழுதிக்கொண்டவளும் அவள் ஒருத்திதான்.

எங்கள் பள்ளிக்கு ஆறு கம்ப்யூட்டர் வந்தன. கூடவே ஒரு கற்றல் தளமும் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண், ஒரு கடவுச்சொல். உள்ளே போய் வீடியோ பார்க்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கெட்டது என்று சொல்லமாட்டேன். சில பாடங்கள் நன்றாகவே இருந்தன. எங்கள் சார்ட்டிலும் ஏறின. ஆனால் அது ஒன்றை மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தது: எந்தப் பள்ளி எத்தனை நிமிடம் பார்த்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஆசிரியர்களின் போன் குழுவில் பட்டியல் வரும். நிறையப் பார்த்த பள்ளி பச்சை, குறைவாகப் பார்த்தது மஞ்சள், பார்க்காதது சிவப்பு.

எங்கள் கம்ப்யூட்டர்கள் காலை முதல் மாலை வரை ஓய்ந்ததில்லை. பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆனால் எல்லாம் பென் டிரைவில் வந்தது, நெட் இல்லாமல் ஓடியது. நிமிடம் எண்ணுகிற தளத்துக்கு எங்களைத் தெரியாது. வாரா வாரம் நாங்கள் சிவப்பு. அடுத்த ஊரில் இணைய வசதியுள்ள ஒரு பள்ளி எப்போதும் பச்சை. அங்கே பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அறையைப் பூட்டிவிட்டு உள்ளே வீடியோவை ஓடவிடுகிறார்கள் என்று அங்கே வேலை செய்கிற டீச்சரே என்னிடம் பேருந்தில் சிரித்துக்கொண்டு சொன்னார். "மேசை நாற்காலி எல்லாம் எட்டாவது பாஸ் ஆயிருக்குங்க டீச்சர்." நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிப்பு சீக்கிரமே நின்றது. தொடர்ந்து சிவப்பில் இருக்கிற பள்ளியின் கம்ப்யூட்டர்களை, நன்றாகப் பயன்படுத்துகிற பள்ளிக்கு மாற்றப்போவதாக வட்டார ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. எங்கள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். நல்லவர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது, பிரச்சினை வேண்டாம் என்கிற சுபாவம். "டீச்சர், புள்ளைங்க நம்பரெல்லாம் உங்க நோட்டுலதானே இருக்குது. வூட்டுல நெட் இருக்குது. கொஞ்சம் ஓட்டி விட்டுருங்களேன்" என்றார். "மேசை நாற்காலிக்கே பச்சை கெடைக்குது. நம்ம புள்ளைங்க நெசமாவே படிக்குதுங்க. இதுல என்ன பொய்யி?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கம்ப்யூட்டர் போய்விடும் என்ற பயத்தில் ஒத்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் எண்ணாகப் போட்டு, வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சமைப்பேன். இருபத்தாறு பேருக்கும் சமமாகப் பங்கு. "ரசம் வெக்கறதுக்கு ஒளிச்சேர்க்கை பாடமெல்லாம் வேணுங்களா?" என்று என் கணவர் கேலி செய்வார். இரண்டே வாரத்தில் பள்ளி பச்சையாகிவிட்டது. தலைமையாசிரியை கேசரி செய்து எடுத்து வந்தார். சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருடம் பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தபோது இருபத்துமூன்றாம் எண் வரவில்லை. அவளுடைய அப்பா அம்மா இருவரும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். பெங்களூர்ப் பக்கம் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள், பத்து நாளில் வந்துவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்பாவின் எண்ணுக்கு அடித்தேன். உபயோகத்தில் இல்லை என்றது. பத்து நாள் இருபதானது, ஒரு மாதத்தைத் தாண்டியது.

சட்டப்படி அவள் பெயர் இடைநின்றோர் பட்டியலுக்குப் போயிருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால் ஆள் அனுப்பித் தேடுவார்கள். பெண்பிள்ளை என்றால் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் கொடுப்பார்கள், அங்கேயே தங்கிச் சாப்பிட்டுப் படிக்கலாம். ஆனால் அவள் பெயர் ஏறவில்லை. அந்தப் பட்டியல் வருகைப் பதிவையும் கற்றல் தளத்தையும் சேர்த்துப் பார்த்துத் தயாராவது. பள்ளிக்கு வராத பிள்ளையின் எண்ணில் தினமும் பாடம் ஓடிக்கொண்டிருந்தால், அந்தத் தளம் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடும். அவள் எண்ணுக்கு நேராக அது எழுதியிருந்தது: 'வீட்டிலிருந்து கற்கிறார்.'

நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அப்பாடா என்று இருந்தது. இடைநின்றோர் பட்டியலில் ஒரு பெயர் ஏறினால் வகுப்பாசிரியை நான் ஆயிரம் பதில் சொல்ல வேண்டும். இப்போது யாரும் கேட்கமாட்டார்கள். எப்படியும் வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது என் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் அவள் எண்ணையும் போட்டு மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்தவள் நான்தான்.

மாசி மாதம் வட்டார ஆபீஸில் கூட்டம் நடந்தது. பச்சைப் பள்ளிகளுக்குப் பாராட்டுச் சான்றிதழ். என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். கைதட்டல் முடிந்ததும் அதிகாரி திரையில் ஒரு வரியைக் காட்டினார். இந்த வட்டாரத்திலேயே அதிக நிமிடம் கற்ற மாணவி. "இந்தப் பாப்பாவை அடுத்த மாசம் விழாவுக்குக் கூட்டிட்டு வாங்க டீச்சர். பரிசு குடுத்துருவோம். இவளப் பாத்து மத்த புள்ளைங்க கத்துக்கணும்" என்றார்.

திரையில் இருந்தது எங்கள் பள்ளியின் இருபத்துமூன்றாம் எண்.

எல்லாரும் மறுபடி கைதட்டினார்கள். ஊரிலேயே இல்லாத பிள்ளையைப் பரிசு வாங்க எங்கே போய்க் கூட்டி வருவது என்பதுதான் முதல் கவலை. பேருந்தில் வரும்போதுதான் இன்னொன்று உறைத்தது. நான் இருபத்தாறு பேருக்கும் சமமாகத்தானே ஓட்டினேன்? இவளுக்கு மட்டும் எப்படி அதிகம் வந்தது?

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அவள் எண்ணில் உள்ளே போனேன். முதல் முறையாக நிதானமாகப் பார்த்தேன். சாயங்கால நேரத்தில் ஓடியதெல்லாம் என்னுடையவை: ஒளிச்சேர்க்கை, காற்று, உடல் உறுப்பு மண்டலங்கள், வரிசையாக. நடுவில் வேறு சில இருந்தன. எல்லாம் மதியம் ஒரு மணிக்கு. அந்த நேரத்தில் நான் சிக்னல் இல்லாத பள்ளியில் சோற்றுத் தட்டோடு இருப்பேன். மின்னோட்டப் பாடம், ஐந்து தடவை. அதன் கீழே உள்ள பத்துக் கேள்விகள்: முதல் நாள் மூன்று சரி, அடுத்து ஐந்து, அடுத்து ஒன்பது. அவள்தான். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நிஜமாகவே படித்துக்கொண்டிருந்தாள்.

விரலால் இன்னும் கீழே தள்ளினேன். அடியில் 'ஆசிரியரிடம் கேள்' என்று ஒரு பெட்டி இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்தவள் நான். வீடியோ தானாக ஓடியது, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பெட்டியில் மூன்று வரிகள் இருந்தன.

'டீச்சர் ரெண்டு பல்பு ஒரே ஒயர்ல வரிசையா குடுத்தா ஏன் மங்கலா எரியுது'

'டீச்சர் முழுப் பரிட்சை எப்ப'

'டீச்சர் இருக்கீங்களா'

பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மா என்னைப் பார்த்து, "என்னாச்சுங்க, தண்ணி வேணுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்தப் பெட்டியில் எழுதினேன்: 'இருக்கிறேன் கண்ணு. அப்பா நம்பர் அனுப்பு.' மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து திறந்தால், ஒரு மணிக்கு அனுப்பிய கர்நாடக எண் ஒன்று பெட்டியில் இருந்தது.

சனிக்கிழமை ஒசூர் வழியாகப் பெங்களூர் போனேன். ஊருக்கு வெளியே பதினான்கு மாடி எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடம். பக்கத்தில் தகரக் கொட்டகைகள். நடக்கப் பழகிய தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போக, தம்பியைப் பார்த்துக்கொள்வது இவள் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு அப்பா வருகிற அரை மணி நேரம் போன் கையில் கிடைக்கும். அதுதான் ஒரு மணி.

என்னைப் பார்த்ததும் அவள் அழவில்லை. உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வந்தாள். எலக்ட்ரீசியன் தூக்கிப் போட்ட ஒயர்த் துண்டுகள், டார்ச் பல்பு இரண்டு, பேட்டரி. ஒரே ஒயரில் இரண்டு பல்பையும் கோத்துக் காட்டினாள். "பாருங்க டீச்சர், மங்கலாத்தான் எரியுது. கேட்டேன், நீங்க பதிலே சொல்லல."

"நான் அந்தப் பெட்டியத் தொறந்தே பாக்கல கண்ணு."

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். "நீங்க இருக்கீங்கன்னு நெனச்சனுங்க டீச்சர். நான் பாக்காத பாடமெல்லாம் என் நம்பர்ல ஓடிட்டே இருந்துச்சு. யாரோ உள்ள இருக்காங்க, டீச்சராத்தான் இருப்பாங்கன்னு நெனச்சு எழுதினேன்."

என் பொய்யைப் பார்த்துத்தான் அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து, இரண்டு பல்புக்கும் தனித்தனியாக ஒயர் கொடுக்க வைத்தேன். இரண்டும் பளிச்சென்று எரிந்தன. தம்பி கைதட்டினான். அவள் உடனே ஒரு பல்பைக் கழற்றிப் பார்த்தாள், இன்னொன்று அணையவில்லை. "ஓ" என்றாள். அந்த ஒரு எழுத்தைக் கேட்கத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அவளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னதும் அப்பா தயங்கினார். "இவ வந்துட்டா சின்னவன ஆரு பாத்துக்கறதுங்க டீச்சர்? ஊருல தனியா வுட முடியுங்களா?" உறைவிடப் பள்ளியைப் பற்றிச் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "தூளி கட்டிப் போட்டுட்டு நான் பாத்துக்கறனுங்க. எட்டாவதோட நின்னது என்னோட போவட்டும். நீங்க எடம் மட்டும் வாங்கிக் குடுங்க" என்றார். அந்தம்மாவும் எட்டாவதில் நின்றவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இடம் வாங்க வேண்டுமானால் அவள் இடைநின்றோர் பட்டியலில் இருக்க வேண்டும். திரையோ அவளை வட்டாரத்தின் முதல் மாணவி என்கிறது. அதை மாற்ற ஒரே வழி, அந்த நிமிடங்களைப் போட்டது நான்தான் என்று எழுதிக் கொடுப்பது. கொடுத்தால் பள்ளி சிவப்பாகும். கம்ப்யூட்டர் போகும்.

தலைமையாசிரியை என் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு புள்ளைக்கோசரம் மத்த இருவத்தஞ்சு புள்ளைங்களோட கம்ப்யூட்டர் போவட்டுங்களா டீச்சர்? நீங்களே சொல்லுங்க." அவர் கேட்டது நியாயம் இல்லாத கேள்வி அல்ல. நானும் இரண்டு நாளாக அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். "கம்ப்யூட்டர் போனா பென் டிரைவ் இருக்குதுங்க டீச்சர், என் பழைய லேப்டாப் இருக்குது, சார்ட் இருக்குது. இவ போனா எங்க போய்த் தேடறது?" என்றேன். "உங்க பேரை எழுதல. என் பேரை மட்டும்தான் எழுதியிருக்கறேன். கையெழுத்துப் போட்டு மேல அனுப்புங்க." அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, என் பெயருக்குக் கீழே 'என் அறிவுரையின் பேரில்' என்று எழுதி அவரும் கையெழுத்துப் போட்டார். அந்தம்மாவிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை.

வட்டார ஆபீஸில் அதிகாரி கடிதத்தை மேசையில் வைத்து, அதன் மேல் பேப்பர் வெயிட்டை வைத்து, கதவைச் சாத்தச் சொன்னார். "எதுக்குங்க இதெல்லாம்? ஒரு நாள் பாப்பாவைக் கூட்டிட்டு வந்து பரிசை வாங்கிட்டுப் போயிருங்க. அப்புறம் அவங்கவங்க சௌரியம்." நான் முடியாது என்றேன். அவர் குரல் உயர்ந்தது. "எல்லா ஸ்கூல்லயும் இப்புடித்தான் ஓட்டறாங்க. உங்களுக்கு மட்டும் என்னங்க வந்துச்சு?"

"எல்லா ஸ்கூல்லயும் ஓட்டறாங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா சார்? அப்ப எத்தன புள்ளைங்க ஊர்லயே இல்லாம பச்சையா இருக்காங்கன்னும் பாத்துருங்க. 'வீட்டிலிருந்து கற்கிறார்'னு போட்டிருக்கற ஒவ்வொரு வூட்டுக் கதவையும் தட்டிப் பாருங்க."

என் குரல் வெளியே வரைக்கும் கேட்டதாக அப்புறம் சொன்னார்கள். கேட்கட்டும் என்றுதான் பேசினேன். சான்றிதழையும் கைப்பையிலிருந்து எடுத்து அந்தப் பேப்பர் வெயிட்டின் அடியில் செருகிவிட்டு வந்தேன்.

எனக்கு மெமோ வந்தது. பொய்யான பதிவு செய்ததற்கு விளக்கம் கேட்டு. அதில் எனக்கு வருத்தமில்லை. செய்தது பொய்தான், அதற்கான பதிலை எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஒரு மினி லாரி வந்து ஆறில் நான்கு கம்ப்யூட்டர்களை ஏற்றிப் போனது. இரண்டை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். "எங்க டீச்சர் போவுது?" என்று ஒருத்தி கேட்டாள். எந்த ஊருக்கு என்று சொன்னேன். "அங்க நெட் இருக்குதே, நல்லா ஓடும்" என்றாள். இப்போது இரண்டு கம்ப்யூட்டருக்கும் என் லேப்டாப்புக்கும் முறை வைத்து, ஒரு திரைக்கு எட்டுப் பேர் இடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். கஷ்டம்தான். கஷ்டமில்லை என்று பொய் சொல்ல இனிமேல் முடியாது.

இருபத்துமூன்றாம் எண்ணுக்கு உறைவிடப் பள்ளியில் இடம் கிடைத்தது. முழுப் பரிட்சையை அங்கே எழுதி, இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். மாதத்துக்கு ஒரு தபால் வரும். உள்ளே வேறு எதுவும் இருக்காது. ஒரு தாளில் நாலைந்து இணைய முகவரியும், பக்கத்தில் தன் கறார்க் குறிப்பும். போன மாதம் எழுதியிருந்தாள்: 'இது நல்லாருக்குது. ஆனா கேள்வி கேட்டா பதில் சொல்ல ஆளில்ல. சார்ட்டுல ஏத்தாதீங்க.' பிள்ளைகள் படித்துவிட்டு அதை ஏற்றவில்லை. சார்ட்டில் இப்போது ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறோம்: 'கேட்டால் பதில் வருமா.' அதற்குக் கீழே என் போன் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது சட்டம்.

வெள்ளிக்கிழமை தோறும் போன் குழுவில் இன்னமும் பட்டியல் வருகிறது. எங்கள் பள்ளி சிவப்பு. அதோடு வருகிற படிவத்தில், பார்த்த நிமிடம் எவ்வளவு என்று கேட்கிற இடத்தில் உள்ளதை உள்ளபடி பூஜ்யம் என்று போடுகிறேன். கீழே, யாரும் கேட்காத இடத்தில், அந்த வாரம் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயர்களையும், அவர்கள் எந்த ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பதையும் எழுதி, வட்டாரத்திலுள்ள எல்லா ஆசிரியர்களும் பார்க்கும்படி அதே குழுவில் போடுகிறேன். பெயர் போடாதீர்கள் என்று இரண்டு முறை எச்சரித்துவிட்டார்கள். மூன்று வாரமாக வேறு நான்கு பள்ளிகளும் தங்கள் பூஜ்யத்துக்குக் கீழே பெயர் போடத் தொடங்கியிருக்கின்றன. மேசை நாற்காலி ஜோக் சொன்ன டீச்சர் நேற்றுப் போட்டதில் ஏழு பெயர் இருந்தது.